சமாதிக்கல்லில் பெரியத்தான் மீசை

என் வீட்டுக்காரருக்கு அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, எழுதவும் மாட்டேன். மரியாதை ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தப் பெயரை அவரே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் போதுமான அளவு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு அவர் பெரியத்தான். அது போதும்.

ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவர் பேசுவதைக் கேட்டால், ரயிலையே அவர்தான் ஓட்டினார் என்று தோன்றும். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் கறுப்புக் குடை. மழை பெய்தால் குடையை விரிக்க மாட்டார், நனைந்துவிடுமாம். அந்தக் குடை வழி காட்டுவதற்கு. யார் எதைக் கேட்டாலும் அதன் நுனி எழும்பி ஒரு திசையில் போய் நிற்கும். கேட்டவர் கேள்வியை முடித்திருக்கக்கூட மாட்டார்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். பெரியத்தான் பெரிய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்தவர். அந்த ஒரு சொல்லை மட்டும் அங்கே அவருக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள்.

காலையில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. நானும் வீட்டுக்காரரும் ஒருநாள் அங்கே உட்கார்ந்திருந்தோம். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த ஒருவர் கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“அண்ணே, பல் டாக்டரு இங்க...”

குடை எழும்பியது. “நேரா போ. மோனோரயில் தூண் வரும். ரெண்டாவது முக்குல இடது பக்கம். மாடியில.”

அந்த மனிதர் போனார். அரை மணி நேரம் கழித்து வேர்த்து வழியத் திரும்பி வந்தார். கன்னம் இன்னும் கொஞ்சம் வீங்கியிருந்தது. இந்தத் தடவை தேத்தண்ணீர் ஆற்றுகிறவரிடம் கேட்டார். அவர் விரலால் மேலே காட்டினார். டாக்டர் இருந்தது அதே கடைக்கு மேல் மாடியில்.

பெரியத்தான் அசையவில்லை. “மாடியிலன்னு சொன்னேனா இல்லியா?” என்றார்.

அவருடைய ஒரே மகள் கல்யாணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, திமிங்கிலம் முட்டை போடும் என்று அப்பா சொன்னதை அப்படியே பரீட்சையில் எழுதிவிட்டு வந்தாள். டீச்சர் சிவப்பு மையால் தப்புப் போட்டார். மறுநாள் பெரியத்தான் குடையோடு பள்ளிக்கூடத்துக்குப் போனார். “நீங்க கடல்ல பாத்திருக்கீங்களா டீச்சர்?” என்று கேட்டாராம். டீச்சர் இல்லை என்றாராம். “அப்புறம்?” என்றாராம். இதை வெற்றிக் கதையாக எங்களிடம் வந்து சொன்னார். அன்றிலிருந்து கல்யாணி வீட்டுப் பாடத்தை அப்பாவுக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்தாள். நன்றாகப் படித்தாள்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. ஒன்று மட்டும் சிரிப்பில் வராது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். ஆட்டுக்கறி வைத்திருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிய என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேர்த்துக் கொட்டியது. நான் பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட வாசலுக்கு ஓடினேன். பெரியத்தான் என்னைத் தடுத்தார்.

“வாயு. கறி தின்னா ஏறும். இஞ்சி தட்டி, பெருங்காயம் போட்டுக் குடும்மா. கொஞ்சம் படுக்கட்டும்.”

அந்தக் குரலில் அப்படி ஒரு நிச்சயம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். யாருக்கும் பயந்தவர் இல்லை. ஆனால் அண்ணன் சொல்லை மீறத் தெரியாது. “அண்ணன் சொல்றாருல்ல” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் இஞ்சி தட்டினேன். இரண்டு மணி நேரம் கழித்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டார். அதற்கும் பெரியத்தான்தான் பதில் சொன்னார்.

“ரோட்ல ஜாம்.”

முன்னாலேயே கொண்டுபோயிருந்தால் என் வீட்டுக்காரர் பிழைத்திருப்பாரா? தெரியாது. நான் அப்படிச் சொல்லக் கூடியவள்.

ஒரு வருஷம் பெரியத்தானோடு பேசவில்லை. பிறகு பேசினேன். குடும்பம் என்று இருந்தால் ரசம் ஊற்றும்போதாவது பேசித்தானே ஆகவேண்டும்.

கல்யாணி கல்யாணமாகி பெட்டாலிங் ஜெயாவில் இருந்தாள். அவளுக்குத் திடீரென்று வம்சத்தைப் பற்றி எழுதும் ஆசை வந்தது. கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எங்கள் பெயர்களைப் போட்டுக் கோடு இழுத்தாள். மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது.

“முதன்முதல்ல கப்பல்ல வந்தவரு யாருப்பா? அவரை எங்க புதைச்சாங்க?”

கேட்கக் கூடாத ஆளிடம் கேட்டாள்.

வந்தவர் பெயர் சின்னக்கண்ணு. பெரியத்தானுக்குக் கொள்ளுத்தாத்தா. அவரைப் பற்றி என் மாமியார் எனக்குச் சொன்னது ஒரு கை அளவுதான். காடு வெட்ட வந்தாராம். ஜெஞ்சாரோம் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தாராம். ஒரு மகன் பிறந்த பிறகு காய்ச்சலில் போய்விட்டாராம். தோட்டத்து இடுகாட்டில் புதைத்து அடையாளத்துக்கு ஒரு கட்டையை நட்டார்களாம். கட்டையைக் கறையான் தின்றுவிட்டதாம். அவ்வளவுதான்.

பெரியத்தானுடைய சின்னக்கண்ணு வேறு ஆள். நானூறு பேருக்குத் தலைவர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் தண்டவாளம் போட்டவர். புலியை அடித்தவர். முதல் வாரம் ஒரு புலி. கல்யாணி எழுதி முடிப்பதற்குள் மூன்றாகிவிட்டது. அந்த வீரத்தைப் பார்த்து வெள்ளைக்கார துரை தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தாராம்.

“அந்தத் தொப்பி எங்கப்பா?”

“ஜப்பான்காரன் எடுத்துட்டுப் போயிட்டான்.”

ஒரு வேன் பிடித்து எல்லாரும் ஜெஞ்சாரோம் போனோம். செம்பனை மரங்களுக்கு நடுவே மண் ரோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய் இறங்கினால், இடுப்பு உயரத்துக்கு லாலாங் புல். அதற்குள் மேடு மேடாகச் சமாதிகள். சிலதுக்குச் சிமெண்டு, சிலதுக்குச் செங்கல், பலதுக்கு ஒன்றுமில்லை. உச்சி வெயில். பெரியத்தான் குடையால் புல்லை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த இடுகாட்டில் நிழல் ஒரே ஒரு மரத்துக்கு அடியில்தான் இருந்தது. எங்கள் முன்னோரும் சரியாக அங்கேதான் இருந்தார்.

“இதுதான்.”

“எப்படிப்பா தெரியும்?”

“எங்கப்பா கையைப் பிடிச்சிக் காட்டுனாரு.”

மேட்டின் தலைமாட்டில் ஓர் அம்மிக்கல்லைச் செங்குத்தாக நட்டிருந்தார்கள். அது என்ன என்று நான் கேட்டேன். தாத்தா மசாலா அரைத்த அம்மி என்றார். நானூறு பேருக்குத் தலைவர், மசாலாவை மட்டும் தானே அரைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

கிள்ளானில் கல் செய்யக் கொடுத்தார்கள். கறுப்புக் கிரானைட், தங்க எழுத்து. பிறந்த தேதி கேட்டார்கள், சொன்னார். நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொன்னார், ரோகிணி. படம் கேட்டார்கள். சின்னக்கண்ணு படம் எடுத்த காலத்து ஆளா? பெரியத்தான் தன்னுடைய பழைய படம் ஒன்றைக் கொடுத்து, மீசையை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி, தலைப்பாகை வைத்துவிடச் சொன்னார். “ஜாடை இப்படித்தான் இருந்திருக்கும்,” என்றார். ஆக, பெரியத்தான் உயிரோடு இருக்கும்போதே கல்லில் ஏறிவிட்டார். கல் வேலைக்காரர் அம்மியைப் பிடுங்கி, கும்பிடுகிறவர்கள் கால் வைத்து ஏற, முன்னால் படியாகப் போட்டார்.

தீபாவளிக்கு முன்னால் செத்தவர்களுக்குப் படைப்பது எங்கள் வழக்கம். உயிரோடு இருந்தபோது அவர்களுக்கு என்ன பிடிக்குமோ அதை இலையில் வைப்போம். சின்னக்கண்ணுவுக்கு என்ன பிடிக்கும் என்று பெரியத்தானுக்குத் தெரிந்திருந்தது. ஆட்டுக்கறி வறுவல், நண்டு, இரண்டு போத்தல் ஸ்டவுட் பீர், சுருட்டு. தாத்தாவின் நாக்கும் பேரனின் நாக்கும் எப்படி இப்படி ஒத்துப்போனது என்று நான் வியந்ததுண்டு. சமைத்தவள் நான். தூக்கிக்கொண்டு வந்தவளும் நான். நான்கு தீபாவளிக்குத் தவறாமல் படைத்தோம்.

நான்காவது வருஷம் தோட்டத்து ஆபீசிலிருந்து சுராட், கடுதாசி, வந்தது. நிலத்தை வீடு கட்ட விற்றுவிட்டார்களாம். சமாதிக்கு வாரிசு இருந்தால் ஆபீசில் பதிய வேண்டும், தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். யாரும் கேட்காததையெல்லாம் வேறொரு இடுகாட்டில் ஒரே குழியில் போட்டுவிடுவார்கள். பெரியத்தான் முதல் ஆளாகப் போய்ப் பதிந்தார்.

அந்தத் தீபாவளிப் படையல் அங்கே கடைசிப் படையல். இலை போட்டுக் கறியை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கார் வந்து நின்றது. ஓட்டி வந்த மகன் காரிலேயே இருந்தார். என் வயது அம்மா ஒருவர், முழங்காலில் கட்டுப் போட்டு, ஊன்றுகோலோடு, பூத்தட்டு ஏந்திக்கொண்டு புல்லுக்குள் வந்தார். வந்தவர் நின்றார். கல்லில் இருந்த படத்தைப் பார்த்தார். பெரியத்தானைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“யாரு இந்த மீசை?”

“எங்க கொள்ளுத்தாத்தா.”

“எங்கப்பா மேல எதுக்கு உக்காந்திருக்காரு?”

அவர் பெயர் அஞ்சலை. பண்டமாரானில் இருப்பவர். அவருடைய அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயில் பண்டாரமாம். அஞ்சலைக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது போய்விட்டாராம். கல் வைக்க வழியில்லாமல், அவருடைய அம்மா வீட்டு அம்மியைத் தூக்கி வந்து தலைமாட்டில் நட்டாராம். வருஷா வருஷம் அண்ணன்தான் இவரைக் கூட்டி வருவாராம். அண்ணன் படுக்கையில் விழுந்து இறந்துபோக, இவருக்கும் முழங்கால் ஆபரேஷன் ஆக, ஐந்து வருஷம் வரமுடியவில்லையாம்.

“எங்கம்மாவை கிள்ளான்ல பொதைச்சிருக்கு. அப்பாவை எடுத்துக்கிட்டுப் போயி அம்மா பக்கத்துல வச்சிடுன்னு அண்ணன் சாகறப்ப சொல்லிட்டுப் போனான்.” சொல்லிக்கொண்டே குனிந்து இலையைப் பார்த்தார். “இது என்னா, கறியா? ஐயையோ, எங்கப்பா வெங்காயம்கூடத் தொட மாட்டாரே! அது என்னா போத்தலு? ஸ்டவுட்டா? எத்தனை வருஷமா ஊத்துறீங்க?”

கல்யாணி தலையைக் குனிந்துகொண்டாள். கரண்டி என் கையில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

பெரியத்தானுக்குத் தெரிந்தது. குடை எழும்பியது.

“உங்கப்பா அந்தப் பக்கம்மா. கோயில் ஆளுங்கள எல்லாம் வேலியோரம்தான் போடுவாங்க. அதோ, அந்த மேடு.”

“அம்மி இங்கதானே இருந்துச்சி?”

“அங்கதான் இருந்துச்சி. நாங்கதான் எடுத்தாந்து படியா போட்டோம்.”

அதுவரை அவர் காட்டிய வழியெல்லாம் தெரியாமல் காட்டியது. இது தெரிந்தே காட்டியது. ஆனால் குரல் கொஞ்சமும் மாறவில்லை, அதே நிச்சயம். அஞ்சலையின் முகம் குழம்பிப் போனது. “அங்கயா... எனக்கு அப்ப ஒம்பது வயசு... அப்புறமும் எப்பவும் அண்ணன் பின்னாலயே வந்துட்டுப் போயிடுவேன்... அங்கயா இருந்திச்சி?” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஊன்றுகோலை வேலிப் பக்கம் திருப்பினார். பெற்ற அப்பாவை விட்டுவிட்டு, யாரோ ஒருவரைத் தோண்டி எடுத்துப் போய் அம்மா பக்கத்தில் வைக்க நடக்க ஆரம்பித்தார்.

அந்த முகத்தை நான் முன்பே பார்த்திருக்கிறேன், என் வீட்டு நாற்காலியில். கரண்டியைத் தரையில் போட்டேன்.

“அக்கா, நில்லுங்க. அம்மி இங்கதான் நட்டிருந்துச்சி. நான் என் கண்ணால பாத்தேன். இது உங்கப்பாதான்.”

“ஏம்மா, உனக்கு என்ன தெரியும்?” என்றார் பெரியத்தான்.

மருமகளாக வந்த நாளிலிருந்து அவர் முன்னால் நான் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

“அன்னைக்கு வாயுன்னு சொன்னீங்க, பெரியத்தான்.”

அவ்வளவுதான் சொன்னேன். பெரியத்தான் என்னைப் பார்க்கவில்லை, கல்யாணியைப் பார்க்கவில்லை. மெதுவாக நடந்துபோய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். கறியையும் போத்தலையும் எடுத்துவிட்டு இலையைத் துடைத்தேன். அஞ்சலை அதில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துக் கற்பூரம் ஏற்றினார். மீசையின் மேல் தன் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் கும்பிட்டார்.

தீபாவளி முடிந்து ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். இரண்டு பேர் ஒரே சமாதியைக் கேட்டிருக்கிறார்கள் அல்லவா. முதலில் பதிந்தவர் விட்டுக்கொடுத்தால்தான் அஞ்சலைக்குக் கிடைக்கும். பெரியத்தான் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். எனக்கு எதிரே உட்காராமல், சுவரைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். அஞ்சலை பெஞ்சின் நுனியில், புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு இருந்தார்.

“அங்கிள், நீங்க சொன்னாத்தான் முடியும் லா. இது உங்க தாத்தாவா?” என்றார் பதிவு எழுதுகிற கிராணி.

பெரியத்தான் தொண்டையைக் கனைத்தார். “இது இந்தம்மாவோட அப்பா. கோயில் பண்டாரம். ரொம்ப ஆசாரமான மனுஷன், வெங்காயம்கூடத் தொட மாட்டாரு. எழுதிக்க.”

ஏதோ கூடப் பழகினவர் மாதிரி சொன்னார். அஞ்சலை எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். பெரியத்தான் அதையும் வாங்கிக்கொண்டார்.

“அப்ப உங்க தாத்தா எந்த நம்பர் அங்கிள்?”

கிராணி காகிதத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். பெரியத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். இப்போது சொல்வார், இந்த வயதிலாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பஸ் ஏறி வந்திருப்பேன்.

“யாரும் கேக்காதது எத்தனை இருக்கு?” என்றார்.

“பத்தொம்பது.”

“அத்தனையும் எங்க ஆளுங்கதான்.”

“அங்கிள்!”

“கொள்ளுத்தாத்தா, அவரு தம்பிங்க, சம்பந்தி வீட்டாளுங்க. எழுது.”

“சும்மா எழுத முடியாது லா அங்கிள். ஆதாரம் வேணும்.”

“இல்லைன்னு சொல்ல யாராச்சும் வந்தாங்களா?”

கிராணி தலையைச் சொறிந்தார். யாரும் வரவில்லை. உள்ளே போய்ப் பெரிய ஆபீசரிடம் கேட்டுவிட்டு வந்து, “சைன் பண்ணுங்க அங்கிள்,” என்றார். அவர்களுக்கும் வேலை மிச்சம். பெரியத்தான் பத்தொன்பது கையெழுத்துப் போட்டார். ஒரு தாத்தாவைக் கண்டுபிடிக்க முடியாதவர் பத்தொன்பது பேருக்கு வாரிசாக வெளியே வந்தார். நடையில் ஒரு மிடுக்கு வேறு.

அஞ்சலையின் அப்பா கிள்ளானுக்குப் போய்விட்டார். மண்பானையை வெள்ளைத் துணியில் கட்டி வாங்கியபோது, மகன் காரின் டிக்கியைத் திறந்தார். “உங்க தாத்தாவை டிக்கியிலயா போடுவ?” என்று அவரைத் திட்டிவிட்டு, அஞ்சலை பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மியையும் ஏற்றிக்கொண்டார்கள். அது டிக்கியில்தான் போனது.

பெரியத்தான் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவரை எரித்துக் கடலில் கரைத்தாயிற்று. மீசை மட்டும் கல்லில் இருக்கிறது, பத்தொன்பது பேருக்கு மேலே, சின்னக்கண்ணு என்ற பெயரோடு. கல்லை வீணாக்கக் கூடாது என்று, வேறோர் இடுகாட்டில் கிடைத்த புது இடத்துக்கு அதையும் அப்போதே கொண்டுபோய் நட்டிருந்தார்.

அந்தப் பத்தொன்பது பேரைப் புது இடத்தில் வைத்த அன்று, மூடுவதற்கு முன்னால் படைக்க வேண்டும் என்றார் பெரியத்தான். யார் சமைப்பது என்று அவர் கேட்கவில்லை. கறிக்கு ஒரு சட்டி, சைவத்துக்கு வேறு சட்டி என்று நானே பிரித்துச் சமைத்தேன், பட்டது போதும். மரப் பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கல்யாணி இலை போட்டாள். பெரியத்தான் முன்னால் நடந்தார். நான் பாத்திரங்களோடு பின்னால் போனேன்.

“இவருக்குக் கறி வைம்மா. இவரு சைவம். இவருக்கு ரெண்டுமே ஆகும், அப்படிப்பட்ட ஆளு. இந்தம்மாவுக்கு மீனு. மீனு வைக்கலியா? என்னம்மா நீ, அந்தம்மாவுக்கு மீனுன்னா உயிராச்சே.”

பதினெட்டு இலைக்கும் இப்படியே சொல்லிக்கொண்டு வந்தார். நானும் மறுபேச்சில்லாமல் வைத்தேன். பத்தொன்பதாவது பெட்டி வரிசையின் கடைசியில் இருந்தது. மற்றதில் பாதி அளவுகூட இல்லை. கைக்குழந்தையாக இருந்திருக்கும், அல்லது நடக்கப் பழகிய பிள்ளை. இரண்டு கரண்டியையும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“இதுக்கு, பெரியத்தான்?”

அவர் பெட்டியைப் பார்த்தார். கல்யாணியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா,” என்றார்.

“பாலு,” என்றேன்.

வீட்டிலிருந்து நாங்கள் பால் கொண்டுவரவில்லை. கல்யாணி காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். அவள் திரும்பி வரும்வரை பெரியத்தான் அந்தச் சின்ன இலையில் ஈ உட்காராமல் கையால் விசிறிக்கொண்டே நின்றார்.